கோட்டோ கற்கப் போய்க் கைக்கு வந்த ஜப்பானியச் சொற்கள்

"டொ" என்றார் சென்செய், என் ஆசிரியர். நான் பத்தாம் தந்தியை மீட்டினேன். அவர் மெல்லத் தலையசைத்து மறுபடியும் "டொ" என்றார். மறுபடியும் பத்தாம் தந்தியையே மீட்டினேன். மூன்றாவது முறை அவர் எதுவும் சொல்லவில்லை. என் வலது கைப் பெருவிரலைத் தன் இரண்டு விரல்களால் பிடித்து, என் பக்கமாக ஒரு தந்தி நகர்த்தி வைத்தார். அது பதினோராம் தந்தி.

ஜப்பானிய மொழித் தேர்வில் மூன்றாம் நிலையைத் தேறிய பிறகுதான், கோட்டோ என்ற ஜப்பானியத் தந்தி வாத்தியத்தைக் கற்கும் வகுப்பில் நான் சேர்ந்தேன். அலுவலகத்தில் கூட்டக் குறிப்பு எழுதுவேன். வங்கியிலும் மருத்துவமனையிலும் துணையில்லாமல் பேசிவிடுவேன். அப்படி இருந்தும் முதல் வகுப்பில் ஆசிரியர் சொன்னதில் பாதிக்குமேல் பிடிபடவில்லை. அவர் அரிய சொல் எதையும் பயன்படுத்தவில்லை. ஒன்று, ஏழு, இழு, அழுத்து, தூண், நகம், நூல் என எல்லாமே எனக்குத் தெரிந்த சொற்கள்தான். ஆனால் அவை இந்த வாத்தியத்தின்மேல் வந்து உட்கார்ந்ததும் வேறு பொருள் தரத் தொடங்கிவிடுகின்றன. அகராதியில் தெரிந்துகொண்ட சொல்லை விரலால் மறுபடி தெரிந்துகொள்ள எனக்கு ஏறக்குறைய ஒன்றரை வருடம் ஆனது. அந்தப் பாதையில் தடுக்கிய இடங்களைத்தான் இங்கே எழுதுகிறேன். ஜப்பானில் வாழ்ந்துகொண்டு, அந்த நாட்டு வாத்தியம் ஒன்றை அந்த நாட்டு ஆசிரியரிடம் கற்க நினைக்கும் தமிழர் எவருக்காவது பயன்படும் என்பது என் நம்பிக்கை.

வேலைக்காக நான் வந்து சேர்ந்த ஊர் ஹிரோஷிமா மாகாணத்தில் உள்ள ஃபுகுயாமா. ஷின்கான்சென் ரயிலிலிருந்து இறங்கினால் நடைமேடையிலிருந்தே கோட்டை தெரியும். அந்த ஊருக்கு இன்னொரு பெருமை உண்டு என்பது வந்த பிறகுதான் தெரிந்தது: ஜப்பானில் மிக அதிகமாகக் கோட்டோ செய்யும் ஊர் அது. ஃபுகுயாமா கோட்டோ 1985ஆம் ஆண்டு நாட்டின் மரபுக் கைவினைப் பொருளாக அறிவிக்கப்பட்டது. பட்டறை ஒன்றைப் பார்க்கப் போனபோது, பவுலோனியா மரப் பலகைகளை வெயிலிலும் மழையிலும் போட்டுக் காயவைத்திருந்தார்கள். அந்த மரத்தை அவர்கள் 'கிரி' என்கிறார்கள். குடைந்த உடலின் உட்புறத்தில், வெளியே யார் கண்ணுக்கும் படாத இடத்தில், சாய்கோடுகளாக வேலைப்பாடு செதுக்கியிருந்தார்கள். நாதம் நன்றாக வருவதற்கான செதுக்கல் அது. மேற்புறத்தைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் தேய்த்துக் கருக்கி, மரத்தின் ரேகையை வெளியே கொண்டுவருகிறார்கள். சிறுவயதில் கும்பகோணத்தில் நான்கு வருடம் வீணை கற்று, படிப்புக்காக விட்டுவிட்டவள் நான். அந்தக் கரிந்த மரத்தின் வாசனை என்னை அன்றைக்கே பிடித்துக்கொண்டது. அடுத்த மாதமே ஊர்ப் பொது மண்டபத்தில் நடக்கும் வகுப்பில் பெயர் கொடுத்தேன்.

முதலில் எண்களைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

கோட்டோவுக்குப் பதின்மூன்று தந்திகள். நம்மிடமிருந்து மிகத் தொலைவில் இருப்பது முதல் தந்தி, மடிக்கு அருகில் இருப்பது பதின்மூன்றாவது. ஒன்று முதல் பத்துவரை சாதாரண எண்களே பெயர்: இச்சி, நி, சான், ஷி, கோ, ரோகு, ஷிச்சி, ஹச்சி, க்யூ, ஜூ. கடைசி மூன்றுக்கு மட்டும் தனிப் பெயர்கள்: டொ, இ, கின். பழங்காலத்தில் பதின்மூன்று தந்திகளுக்குமே எழுத்துப் பெயர்கள் இருந்தன. அன்பு, அறிவு, முறைமை என்று பொருள்படும் எழுத்துகளில் தொடங்கும் வரிசை அது. பின்னாளில் முதல் பத்தும் எண்களாக மாறிவிட, கடைசி மூன்றும் அப்படியே தங்கிவிட்டன. அதனால் 'பதினொன்று' என்பதற்கு ஜப்பானிய மொழியில் நாம் படித்த சொல் இங்கே எந்த வேலைக்கும் ஆகாது.

என் குழப்பத்துக்குக் காரணம் இதுதான். பொருள்களை எண்ணும்போது ஜப்பானியர்கள் இன்னொரு வரிசையும் வைத்திருக்கிறார்கள். அதில் பத்துக்குப் பெயர் 'டோ', நெடில். தந்தியின் பெயர் 'டொ', குறில். ஆசிரியர் குறிலில்தான் சொன்னார். பத்து என்ற சொல்லுக்குப் பழகிப்போன என் காது அதை நெடிலாக மாற்றிக்கொண்டது. குறில் நெடில் வேறுபாட்டைத் தாய்ப்பாலோடு கற்றவர்கள் நாம். கல்லும் காலும் நமக்கு ஒருநாளும் குழம்பாது. வேற்றுமொழிக்காரர்கள் பலர் திணறும் இடத்தில் தமிழருக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி அது. அந்த வசதியை நான் பயன்படுத்திக்கொள்ளாமல் விட்டேன். மறுநாளே நோட்டில் பெரிதாக எழுதி வைத்தேன்: டொ குறில், பதினொன்று. இ குறில், பன்னிரண்டு. 'இ' என்பது கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்லி முடிந்துவிடும். 'இச்சி' என்று தொடங்கப் போகிறார் போலும் என்று காத்திருந்தால் தாளம் போய்விடும்.

தமிழ் எழுத்து கைகொடுக்காத இடமும் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நம் 'ட' ஆங்கில t, d இரண்டு ஒலிகளுக்கும் பொது. இவர்கள் 'டோரேமி' என்று மேற்கத்திய ஸ்வரப் பெயர்களையும் சரளமாகப் புழங்குகிறார்கள். அதில் முதல் ஸ்வரத்தையும் என் நோட்டில் 'டொ' என்றே எழுதியிருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அது ஸ்வரமா, தந்தியா என்று எனக்கே தெரியவில்லை. ஒரு வாரம் முழுக்கத் தவறாகச் சாதகம் செய்துவிட்டு வகுப்புக்குப் போனேன். 'ஷி'யும் அப்படித்தான். நான்காம் தந்தியும் ஷி, ஏழாவது ஸ்வரமும் ஷி. அன்றிலிருந்து தந்தியின் பெயரைச் சிவப்பிலும் ஸ்வரத்தை நீலத்திலும் எழுதுகிறேன். எளிய ஏற்பாடுதான், ஆனால் அதற்குப் பிறகு அந்தக் குழப்பம் திரும்பி வரவில்லை.

இச்சியும் ஷிச்சியும் இன்னொரு ஜோடி. தொலைபேசி எண் சொல்லும்போது ஏழுக்கு 'நானா' என்று மாற்றிச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். எங்கள் வகுப்பில் ஏழாம் தந்தி எப்போதும் ஷிச்சிதான். இதற்கு நான் கண்ட ஒரே வழி, வாசிக்கும்போது ஒவ்வொரு தந்தியின் பெயரையும் வாய்விட்டுச் சொல்வது. மௌனமாக வாசித்த ஒரு மாதத்தில் வராத பெயர்கள், வாய்விட்டு வாசித்த பத்து நாட்களில் வந்துவிட்டன. பக்கத்து வீட்டு அம்மாள் மாடிப்படியில் என்னைப் பார்த்து, "நன்றாக எண்ணுகிறீர்கள்" என்று மனம் நிறைந்து பாராட்டினார்.

அடுத்தது நகம். கோட்டோவை வெறும் விரலால் மீட்டுவதில்லை. வலது கையின் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றிலும் தோல் வளையத்தில் பொருத்திய செயற்கை நகம் அணிய வேண்டும். அதற்குப் பெயர் 'ட்சுமே'. நம் சொந்த நகத்துக்கும் அதே சொல்தான். வகுப்பு தொடங்கும் முன்பே ஆர்வத்தில் ஒரு கடைக்குப் போய், "கோட்டோவுக்கு ட்சுமே வேண்டும்" என்று கேட்டேன். கடைக்காரர் "நானி ர்யூ தெஸ் கா?" என்றார். எனக்குப் புரியவில்லை. 'ஹாய்', ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் சற்று யோசித்துவிட்டு முட்டை வடிவ நுனி கொண்ட ஒரு தொகுப்பை எடுத்துத் தந்தார். முதல் வகுப்பில் அதைப் பார்த்ததும் சென்செய், "அடடா, இது யமதா" என்றார்.

'ர்யூ' என்றால் மரபு, வழி. நம் ஊரில் பாணி என்கிறோமே, அதுதான். கோட்டோவில் பெரிய மரபுகள் இரண்டு. இகுதா கெங்யோ (1656-1715) வழி வந்தது இகுதா மரபு. யமதா கெங்யோ (1757-1817) வழி வந்தது யமதா மரபு. கெங்யோ என்பது பார்வையற்ற இசைவாணர்களின் சங்கத்தில் உயர்ந்த பதவி, பெயரல்ல. இகுதா வழியில் நகம் சதுரம். அதன் மூலை தந்தியில் படவேண்டும் என்பதால் உடலை இடப்புறமாகத் திருப்பிச் சாய்கோணத்தில் உட்கார வேண்டும். யமதா வழியில் நுனி வளைந்திருக்கும், நேராக உட்காரலாம். ஒரு சின்ன நகத்தின் வடிவம், நீங்கள் உட்காரும் விதத்தையே தீர்மானித்துவிடுகிறது. ஆகவே எதையும் வாங்கும் முன் ஆசிரியரிடம் "நானி ர்யூ தெஸ் கா" என்று நீங்கள் கேட்டுவிடுங்கள். கடைக்காரர் என்னிடம் கேட்ட அதே கேள்விதான். புரியாதபோது 'ஹாய்' சொல்லும் பழக்கத்தையும் அந்தக் கடையோடு விட்டேன்.

மூன்றாம் வாரம் சென்செய் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார். ஏழாம் எண், பிறகு 'தூண்' என்ற எழுத்து, பிறகு 'விழுந்துவிட்டால் தொடாதீர்கள், நான் வருகிறேன்' என்று இருந்தது. அந்த எழுத்தை நான் 'ஹஷிரா' என்று படித்திருந்தேன். வீட்டைத் தாங்கும் தூண். மண்டபத்தின் ஏழாவது தூணில் ஏதோ பழுது என்று எண்ணிக்கொண்டு, கொஞ்சம் முன்னதாகவே போய்த் தூண்களை எண்ணிக்கொண்டு நின்றேன். கோட்டோ உலகில் அந்த எழுத்தின் உச்சரிப்பு 'ஜி'. ஒவ்வொரு தந்தியையும் அடியிலிருந்து தாங்கி நிற்கும் அசையும் குதிரை அது, தலைகீழ் ஒய் போல இரண்டு கால் உள்ளது. ஏழாம் தந்தியின் ஜி அடிக்கடி சாய்ந்துவிடுகிற ஒரு பழைய வாத்தியத்தை அன்று எனக்கு ஒதுக்கியிருந்தார். பழகாத கைகளால் நிமிர்த்தினால் பக்கத்து ஜியும் சேர்ந்து சரியும் என்பதால்தான் அந்தச் செய்தி. கனசாவாவில் உள்ள கென்ரொகுஎன் தோட்டத்தில் நீர்க்கரையில் இரண்டு கால் ஊன்றி நிற்கும் கல்விளக்கைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதற்குக் 'கொட்டொஜி' விளக்கு என்றே பெயர், இந்தக் குதிரையின் வடிவம் என்பதால்.

வாத்தியத்தின் மற்ற உறுப்புகளுக்குப் பெயர் சொல்லும்போது சென்செயின் முகம் மலர்ந்துவிடும். கோட்டோ என்பது படுத்திருக்கும் ஒரு டிராகன். நாம் உட்காரும் வலது முனை அதன் தலை, 'ர்யூடோ'. மறுமுனை வால், 'ர்யூபி'. தலைப்பக்கத்தில் தந்தி ஏறிச் செல்லும் மேடு கொம்பு, 'ர்யூகாகு'. நாக்கும் உண்டு. பக்கவாட்டுக்கு மட்டும் 'இசொ', அதாவது கடற்கரை. தாங்கும் கால்களுக்குப் பூனைக்கால் என்று பெயர். இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய நான் பட்டியல் எதுவும் போடவில்லை. வகுப்பு முடிந்து வாத்தியத்தைத் துடைக்கும்போது, தலையிலிருந்து வால்வரை துணியை ஓட்டிக்கொண்டே ஒவ்வொன்றையும் சொல்வேன். இரண்டே வாரத்தில் படிந்துவிட்டன.

சுருதி சேர்ப்பதற்கு 'ச்சோகென்' என்று பெயர். இதில் ஒரு சொல் என்னைப் பல நாள் சுற்றவிட்டது. "மோ ச்சொட்டோ உஎ" என்பார் சென்செய். இன்னும் கொஞ்சம் மேலே. வாத்தியமோ படுத்திருக்கிறது. இதில் மேல் எது, கீழ் எது? நான் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அப்பால் நகர்வதுதான் மேலே என்று எண்ணி ஜியை இடப்பக்கம் தள்ளினேன். சுருதி இறங்கிவிட்டது. அவர் சொன்னது சுருதியின் மேல். அதற்கு ஜியை வலப்பக்கம், நம்மை நோக்கி நகர்த்த வேண்டும். கொம்புக்கும் ஜிக்கும் நடுவில் ஒலிக்கும் பகுதி குறுகினால் சுருதி ஏறும். ஆகவே 'உஎ' என்றால் கை வலப்பக்கம் போகவேண்டும், 'ஷிதா' என்றால் இடப்பக்கம். மேல் என்ற சொல்லுக்கு என் கை இன்றைக்கும் வலப்பக்கம் போகிறது, அலுவலகத்தில் அலமாரியின் மேல்தட்டைக் காட்டும்போதுகூட.

அதைவிட நுணுக்கமான சொல் 'கொகொரொமொச்சி'. மனத்தின் நிலை என்று அகராதி சொல்லும். சுருதி சேர்க்கும்போது "கொகொரொமொச்சி தகாமே" என்றால், ஒரு மயிரிழை கூடுதலாக என்று பொருள். ஜியை நகர்த்துவது என்றுகூடச் சொல்ல முடியாது. விரலை அதன் காலில் வைத்து, நகர்த்த நினைத்தாலே போதும் என்கிற அளவு. சென்செய் என் விரல்மேல் தன் விரலை வைத்து அந்த அளவைக் காட்டினார். அந்தச் சொல்லுக்கு அதைவிட நல்ல விளக்கம் எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

தொடக்கநிலை மாணவர்கள் முதலில் சேர்க்கும் சுருதி அமைப்பு 'ஹிராஜோஷி'. 17ஆம் நூற்றாண்டின் யட்சுஹஷி கெங்யோ வகுத்தது என்று சொல்வார்கள். நம் இசை கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஐந்தாம் தந்தியை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால், அதிலிருந்து பத்தாம் தந்திவரை ஸட்ஜம், சுத்த ரிஷபம், சுத்த மத்தியமம், பஞ்சமம், சுத்த தைவதம், மேல் ஸட்ஜம் என்று வரும். 'கர்நாடக சுத்த சாவேரி' ராகத்தின் அதே ஸ்வரங்கள். இது பிடிபட்ட அன்று, சுருதி காட்டும் கருவி இல்லாமல் காதாலேயே முழுச் சுருதியையும் சேர்த்தேன். சென்செய் முதலிலிருந்து பதின்மூன்றுவரை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு, "கெக்கோ தெஸ்" என்றார்.

அந்தக் 'கெக்கோ தெஸ்'ஸையும் சொல்ல வேண்டும். கடையில் பை வேண்டுமா என்று கேட்டால் 'கெக்கோ தெஸ்' என்போம், வேண்டாம் என்ற பொருளில். வகுப்பில் நான் ஒரு பகுதியை வாசித்துக்கொண்டிருக்கும்போது அவர் அதைச் சொன்னால், போதும் நிறுத்து, சகிக்கவில்லை என்பதாகவே முதல் மாதங்களில் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனம் கனத்துக் கிடக்கும். நன்றாக இருக்கிறது, அடுத்ததற்குப் போகலாம் என்பதுதான் அங்கே அதன் பொருள். கூடப் படிக்கும் ஓர் அக்கா எடுத்துச் சொன்னபோதுதான் தெரிந்தது. புகழ்ச்சியை வசவாக எடுத்துக்கொண்டு மூன்று மாதம் கழித்திருக்கிறேன். உங்களுக்கு அது நேர வேண்டாம்.

திருத்தும் சொற்களைத்தான் புதிதாகச் சேர்பவர்கள் முதலில் கற்க வேண்டும் என்று நான் சொல்வேன். உறுப்புகளின் பெயர்கள் தெரியாவிட்டால் விரலால் காட்டிவிடலாம். வாசித்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து வரும் திருத்தம் அந்தக் கணத்திலேயே கைக்குப் போய்ச் சேர வேண்டும், அங்கே யோசிக்க நேரமில்லை. எங்கள் வகுப்பில் ஒரு நாளைக்கு இருபது முறை கேட்பது "சிகரா ஒ நுயிட்டே". வலுவைக் கழற்று, தோளைத் தளர்த்து. வீணை வாத்தியார் என் முழங்கையைத் தட்டிச் சொன்ன அதே விஷயம். "ஹஷித்தே இமஸ்" என்றால் நீ ஓடுகிறாய், அதாவது காலப்பிரமாணம் ஏறிவிட்டது. "ட்சுபு ஒ சொரொஎட்டே" என்றால் மணிகளை ஒழுங்குபடுத்து. ட்சுபு என்பது தானிய மணி. அரிசி மணிக்கும் அதே சொல். ஒவ்வொரு ஸ்வரமும் ஒரே அளவில், ஒரே பருமனில் விழ வேண்டும் என்று பொருள். இதை மட்டும் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மணி மணியாக வாசிக்கிறாள் என்று நாமும்தான் சொல்கிறோம். கேட்ட கணத்தில் உடம்பு சிலிர்த்தது.

மிகவும் சிக்கவைத்தது 'ஹிகு'. தந்தி வாத்தியத்தை வாசிப்பதற்கு ஹிகு. புல்லாங்குழல் வகையென்றால் ஃபுகு, முரசு என்றால் உட்சு அல்லது தடகு. ஆனால் எதையாவது இழுப்பதற்கும் ஹிகுதான். எழுத்து வேறு, காதுக்கு ஒன்றே. மீட்டிய பிறகு, ஜிக்கு இடப்புறம் உள்ள தந்தியை இடது கையால் பற்றி ஜியை நோக்கி இழுத்தால், சுருதி சற்றே தொய்ந்து பழைய இடத்துக்குத் திரும்பும். அந்த அசைவுக்கு 'ஹிகி இரொ' என்று பெயர். இரொ என்றால் நிறம். ஸ்வரத்துக்கு நிறம் ஏற்றுவது. இப்போது சென்செய் "ஹீட்டே" என்று சொன்னால், வாசிக்கச் சொல்கிறாரா, இழுக்கச் சொல்கிறாரா? சொல்லில் விடை இல்லை. அவர் எந்தக் கையைப் பார்க்கிறார் என்று பார்க்க வேண்டும். பார்வை என் வலது கையில் என்றால் மீட்டு, இடது கையில் என்றால் இழு. நான்கு மாதம் பார்த்துப் பார்த்து இப்போது பார்க்காமலே தெரிகிறது, சொல்லுக்கு முன் வரும் மூச்சிலேயே வேறுபாடு இருக்கிறது.

வகுப்பில் என் உள்ளம் நிறையும் இடம் 'ஷோகா'. வாத்தியத்தின் ஒலியை வாயால் சொல்லும் முறை. மிருதங்கத்துக்குச் சொற்கட்டு இருப்பதுபோல் இவர்களுக்கும் உண்டு. பார்வையற்ற ஆசிரியர்களின் கையில் நூற்றாண்டுகளாக வளர்ந்த கலை என்பதால், எழுத்தைவிட வாய்க்கும் காதுக்கும்தான் அதில் முதலிடம். அடுத்தடுத்த மூன்று தந்திகளில் பெருவிரல் இறங்கி வந்தால் 'கோரொரின்'. இதை அருகிலிருந்து சொல்கிறேன். பெருவிரல் நகம் பத்தாம் தந்தியை நமக்கு அப்பால் தள்ளுகிறது. தள்ளிய வேகத்தில் ஒன்பதாம் தந்தியின்மேல் போய் முட்டி நிற்கிறது. அங்கே நின்றது ஓய்வல்ல, அடுத்த அடிக்கான தயாரிப்பு. அங்கிருந்து தள்ளினால் எட்டில் நிற்கும். எட்டைத் தள்ளினால் ஏழில் அமைதியாக உட்காரும். 'கோ' என்பதில் நீட்டம், 'ரொ' ஒரு சறுக்கல், 'ரின்' என்பதன் மெய்யெழுத்தில் ஒலி அடங்குகிறது. எண்களாகப் பத்து, ஒன்பது, எட்டு என்று வாசித்தபோது என் கை மூன்று தனி அடிகள் அடித்தது. "கோரொரின்" என்று சொல்லிக்கொண்டு வாசித்தபோது அது ஒரே இறக்கமாக வந்தது. தாளமும் விரல் வழியும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன.

சுட்டுவிரலும் நடுவிரலும் அடுத்தடுத்து விழுந்து பெருவிரல் முடித்து வைப்பது 'ஷா ஷா டென்'. கடைசித் தந்தியில் நகத்தின் ஓரத்தால் நடுங்கவிட்டு, விரல் நகங்களின் முதுகால் வரிசையாக இறங்கி வருவது 'சாஆரரின்'. வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருபத்தைந்து நிமிடம், முழங்கால்மேல் விரல்களை ஓட்டிக்கொண்டே இவற்றை மனத்துக்குள் சொல்லிக்கொண்டு போவேன். வாத்தியம் ஏறக்குறைய 180 சென்டிமீட்டர் நீளம். எங்கும் தூக்கிப் போக முடியாது. ஷோகாவைத் தூக்கிப் போகலாம்.

எழுத்தில் ஒரு விந்தை உண்டு. எங்கள் இசைத்தாள் மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாக ஓடும். தந்தியின் எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக 'ஒ' என்ற எழுத்து வரும். இடது கையால் தந்தியை அழுத்து என்று பொருள். அழுத்துவதற்கு 'ஒசு', அழுத்தும் முறைக்கு 'ஒஷிடே'. ஆனால் ஜப்பானிய மொழியில் 'ஒ' என்று ஒலிக்கும் எழுத்துகள் இரண்டு. ஒன்று போட்டிருந்தால் அரை ஸ்வரம் ஏற வேண்டும், மற்றது போட்டிருந்தால் முழு ஸ்வரம். அன்றாட எழுத்தில் அபூர்வமாகவே கண்ணில் படும் எழுத்துதான் அரை ஸ்வரத்துக்கு உரியது. வாய்க்கு ஒரே ஒலி, விரலுக்கு இரண்டு பாரம். அரை ஸ்வரத்துக்குச் சுட்டுவிரலும் நடுவிரலும் பணிந்தால் போதும். முழு ஸ்வரத்துக்குத் தோளிலிருந்து உடலின் எடை இறங்க வேண்டும். முதல் மூன்று மாதம் விரல் நுனியில் தந்தியின் தடம் பள்ளமாகப் பதிந்து கிடந்தது. தந்திக்கு இவர்கள் பேச்சில் 'இட்டோ', நூல் என்றே சொல்கிறார்கள். பட்டு நூலால் முறுக்கிய காலத்துச் சொல் அது. இப்போது பெரும்பாலும் செயற்கை இழை. நம் பழந்தமிழில் யாழின் தந்திக்கு நரம்பு என்று பெயர். பள்ளம் விழுந்த விரலைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சொல் நினைவுக்கு வரும்.

வணக்க முறைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். தொடங்கும் முன் வாத்தியத்தின் முன் அமர்ந்து, கைகளைத் தரையில் வைத்துக் குனிந்து "யொரொஷிகு ஒனெகாய் இதஷிமஸ்", முடிந்ததும் "அரிகாத்தோ கொசாய்மஷ்டா". பாடத்துக்கு 'ஒகேகோ', மாதக் கட்டணத்துக்கு 'கெஷ்ஷா'. கட்டணத்தை உறையில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். உறையின் மேல் பன்னிரண்டு மாதக் கட்டங்கள் இருக்கும், சென்செய் ஒவ்வொன்றிலும் முத்திரை வைத்துத் திருப்பித் தருவார். மண்டியிட்டு உட்காரக் கால் ஒத்துழைக்காவிட்டால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நாற்காலியில் அமர்ந்து வாசிக்க 'ரிஸ்ஸோதாய்' என்ற தாங்கி இருக்கிறது. "அஷி கா ஷிபிரெமஷ்டா", கால் மரத்துவிட்டது என்று சொல்ல நான் கூசினேன். எழுந்தபோது விழப் பார்த்து, பக்கத்து வாத்தியத்தின் மூன்று ஜிகளைச் சாய்த்தேன். சொல்லியிருந்தால் அது நடந்திருக்காது. ஒலிப்பதிவு செய்ய ஒவ்வொரு முறையும் அனுமதி கேளுங்கள்: "ரொகுஓன் ஷிட்டெமோ யொரொஷீ தெஸ் கா". என் சென்செய் ஒருமுறைகூட மறுத்ததில்லை. அந்தப் பதிவுகள்தான் என் உண்மையான பாடப்புத்தகம். வாசிப்பைவிட அவர் குறுக்கே பேசும் பகுதிகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பேன். கேட்ட திருத்தத்தைத் தனி நோட்டில் எழுதாமல் இசைத்தாளிலேயே, அது விழுந்த இடத்தில் எழுதுவேன். தனி நோட்டில் இருந்த சொற்கள் மறந்துபோயின. இசைத்தாளின் ஓரத்தில் எழுதியவற்றில் ஒன்றுகூட மறக்கவில்லை.

போன நவம்பரில் மாணவர்கள் ஒன்றுகூடி வாசிக்கும் 'ஒசராய் காய்' நடந்தது. அதற்கு முன் இரண்டு முறை 'ஷிதா அவசே', சேர்ந்து வாசித்துப் பார்க்கும் ஒத்திகை. "சான், ஹாய்" என்று சென்செய் எடுத்துக் கொடுக்க, ஐந்து வாத்தியங்களும் ஒன்றாகத் தொடங்கிய அந்தக் கணத்தில், எந்தச் சொல்லையும் நான் மனத்துக்குள் தமிழில் மாற்றிக்கொள்ளவில்லை. அதைப் பாதி வழியில்தான் உணர்ந்தேன். உணர்ந்ததும் ஒரு தந்தி தவறியது. பக்கத்திலிருந்த அக்கா என்னைப் பார்க்காமலே கொஞ்சம் அழுத்தி வாசித்து, நான் மறுபடி சேர்ந்துகொள்ள இடம் கொடுத்தார்.

இப்போது 'ரொகுதான்' கற்கிறேன். ஆறு பகுதிகள், யட்சுஹஷி கெங்யோவின் ஆக்கம் என்று மரபாகச் சொல்லப்படுவது. இரண்டாம் பகுதியின் ஓரிடத்தில் சென்செய் சிவப்புப் பென்சிலால் 'தமெட்டே' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். தமெரு என்றால் சேர்த்துவைப்பது. பணத்தையும் தொட்டியில் தண்ணீரையும் சேர்த்துவைக்க அதே சொல். ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் எதையோ சேர்த்துவைக்கச் சொல்கிறார். நான் நிறுத்தினால் "நிறுத்தாதீர்கள்" என்கிறார், நீட்டினால் "நீட்டாதீர்கள்" என்கிறார். அவர் வாசிக்கும்போது, தந்தியின் அருகில் போன பெருவிரல் தொடாமல் ஒரு கணம் நிற்கிறது, அந்த இடைவெளியில் முந்தைய ஒலி இன்னும் அடங்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. பொருள் எனக்குத் தெரிகிறது, கைக்கு இன்னும் வரவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அடுத்த வகுப்பு.